அஞ்சலட்டை அளவா, அரைத்தாள் அளவா? குறைந்த விலையில் டிராயிங் டேப்லெட் தேர்ந்தெடுப்பது எப்படி

இணையக் கடையில் ‘டிராயிங் டேப்லெட்’ என்று தேடினால் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒரே வரிசையில் வந்து நிற்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எல்சிடி ரைட்டிங் பேட், குழந்தைகளின் சிலேட்டுக்கு மாற்றுதான். பொத்தானை அழுத்தினால் எழுதியது அழிந்துவிடும், கணினியில் எதுவும் பதிவாகாது. ரப்பர் முனை கொண்ட கைப்பேசிப் பேனாக்கள் விரலின் வேலையைச் செய்வதோடு சரி, அழுத்தத்தை உணர்வதில்லை. ஓவியத்துக்கும் வடிவமைப்புக்கும் வேண்டியது மூன்றாவது வகை: யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைந்து, பேனா இருக்கும் இடத்தையும் அது அழுத்தப்படும் அளவையும் மென்பொருளுக்குத் தெரிவிக்கும் கிராஃபிக்ஸ் டேப்லெட்.

இதிலும் திரை உள்ளது, திரை இல்லாதது என இரண்டு உண்டு. திரை உள்ளதன் விலை பல மடங்கு அதிகம். மலிவான மாடல்களில் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியால் கோடு பேனா முனையிலிருந்து சற்றே விலகி விழுவதுபோல் தோன்றும். திரை இல்லாததில் கை மேசையிலும் கண் மானிட்டரிலும் இருக்க வேண்டும். முதல் சில நாட்கள் தடுமாற்றமாக இருந்தாலும், தினமும் அரை மணி நேரம் வரைந்தால் இரண்டு மூன்று வாரங்களில் கை பழகிவிடும். பணம் அளவாக இருக்கும்போது திரை இல்லாததை வாங்குவதே சரி என்பது என் கருத்து.

அடுத்துத் தீர்மானிக்க வேண்டியது அளவு. பலரும் சறுக்குவது இங்கேதான். விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ‘ஆக்டிவ் ஏரியா’ எனப்படும் வரையும் பரப்பின் அளவைப் படிக்க வேண்டும். ஒன் பை வாக்கோம் சிறிய மாடலில் அது 152 × 95 மி.மீ., அதாவது நம் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரியது. எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 மாடலில் 254 × 159 மி.மீ., ஏ4 தாளின் பாதியைவிடக் கொஞ்சம் பெரியது. 24 அங்குல மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 531 மி.மீ. என்பதால், சிறிய பலகையில் கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் கோடு மூன்றரை சென்டிமீட்டர் ஓடும். கையின் சிறு நடுக்கமும் அதே விகிதத்தில் பெரிதாகும். பெரிய பலகையில் இந்தப் பெருக்கம் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் 15.6 அங்குல மடிக்கணினி மட்டுமே வைத்திருப்பவருக்குச் சிறிய பலகையிலும் பெருக்கம் இரண்டேகால் மடங்குதான் என்பதால், அது தாராளமாகப் போதும். படத்தொகுப்புக்கும் குறிப்பெழுதவும் சிறியது ஏற்றது. தோளிலிருந்து கையை வீசி நீண்ட கோடுகள் இழுப்பவருக்குப் பெரியதே வேண்டும். வாங்கும் முன் அந்த அளவில் ஒரு தாளை வெட்டி, கீபோர்டுக்கு அருகில் வைத்து, அதற்குள்ளேயே கையை அசைத்துப் பாருங்கள்; மேசையில் இடம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு நுணுக்கம், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். இந்தப் பலகைகள் பெரும்பாலும் 16:10, மானிட்டர்களோ பெரும்பாலும் 16:9. இதை அறியாமல் நான் முதல் இரண்டு மாதங்கள் வரைந்த வட்டங்களெல்லாம் பக்கவாட்டில் உப்பிய முட்டைகளாகவே வந்தன. பழியை என் கையின் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரின் அமைப்பில், திரையின் விகிதத்துக்கு ஏற்பப் பரப்பைப் பொருத்தும் வசதி உண்டு. அதை இயக்கினால் சிறிய பலகையின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு வீணாகும், ஆனால் வட்டம் வட்டமாகவே விழும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண்களுக்கு மயங்க வேண்டியதில்லை. பேனா பிரித்தறியும் அழுத்த நிலைகள் 2048, 4096, 8192, 16384 என்று ஏறிக்கொண்டே போகின்றன. 8192-க்கும் 16384-க்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியாது. 5080 எல்பிஐ (ஓர் அங்குலத்துக்கு 5080 கோடுகள்) என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 200 கோடுகள். ஆனால் பேனா முனையின் உண்மையான துல்லியம் 0.3 மி.மீ. என்ற அளவில்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது, எவ்வளவு மெல்லிய தொடுகைக்குப் பேனா கோடு போடத் தொடங்குகிறது என்பதையே. பென்சிலை லேசாக உரசி நிழல் தீட்டப் பழகியவருக்கு, அழுத்தினால் மட்டுமே கோடு விழும் பேனா பெரிய தொல்லை. பேனாவின் சாய்வை உணரும் வசதி டெகோ 01 வி2-இல் உண்டு, ஹியூயான் எச்640பி-இல் கிடையாது. கார்ட்டூன் வரைபவருக்கு அது இல்லாமலும் வேலை நடக்கும்.

பேனா பேட்டரி இல்லாததாக இருக்கட்டும். பலகைக்குள் இருக்கும் கம்பி வலை மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் உள்ள சுருள் அதனோடு ஒத்ததிர்ந்து பதில் அனுப்புகிறது. அந்த ஆற்றலே பேனாவுக்குப் போதும். அதிர்வெண் மாறுபடுவதால் ஒரு நிறுவனத்தின் பேனா பொதுவாக இன்னொன்றின் பலகையில் வேலை செய்யாது. எனவே பேனா தொலைந்தால் தனியாக வாங்கக் கிடைக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அலை தாளை ஊடுருவும் என்பதால், நோட்டில் போட்ட கோலத்தைப் பலகையின் மேல் வைத்து அப்படியே கணினியில் நகலெடுக்கலாம்.

பலகை கைக்கு வந்ததும், பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். கிருட்டா என்ற இலவச ஓவிய மென்பொருள் இதற்கு நன்றாகப் போதும். அடிக்கோலைப் பலகையின் மேல் சாய்வாக வைத்து, பேனாவை மிக மெதுவாக இழுங்கள். கோடு பாம்புபோல் நெளிந்தால் அது பலகையின் குறை. இதற்கு முன், கோட்டைத் தானாகவே சீராக்கும் கிருட்டாவின் ஸ்டெபிலைசரை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது குறையை மூடி மறைத்துவிடும். பிறகு ‘இ’, ‘ஐ’, ‘ஞ’ ஆகிய எழுத்துகளைப் பேனாவை எடுக்காமல், மெல்லத் தொடங்கி அழுத்தி முடிக்குமாறு எழுதுங்கள். சுழியும் வளைவும் நெருங்கி வரும் இந்த எழுத்துகளில் கோட்டின் தடிமன் திடீரென்று தாவினால், எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும், டிரைவரில் உள்ள அழுத்த வளைகோட்டைத் திருத்த வேண்டும். திருத்தியும் தாவினால் பொருளைத் திருப்பிவிடலாம்.

அழுத்தமே வேலை செய்யவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். பழைய டேப்லெட்டின் டிரைவர் கணினியில் எஞ்சியிருந்தால் புதியதோடு மோதும். அதை நீக்கி, நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதை நிறுவிய பிறகு, டிரைவரில் ‘விண்டோஸ் இங்க்’ (விண்டோஸின் பேனா வசதி) என்ற தேர்வை மாற்றிப் பாருங்கள். இடது கைக்காரர்கள் பலகையைத் தலைகீழாகத் திருப்பி, டிரைவரில் 180 பாகை என்று அமைத்துக்கொண்டால் பக்கப் பொத்தான்கள் வலப்புறம் போய்விடும்.

பழைய பலகையைப் பிறரிடமிருந்து வாங்குவதாக இருந்தால், முதலில் யூஎஸ்பி கம்பி நுழையும் இடம் ஆடுகிறதா என்று பார்த்து, பிறகு பேனாவின் நிப்பை வெளிச்சத்தில் பாருங்கள். அது உளிபோல் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அந்தக் கூரிய விளிம்பு பலகையின் மேற்பரப்பையும் கீறியிருக்கும். நிப்பை மாற்றிக்கொள்ளலாம், கீறலில் முனை இடறுவதை மாற்ற முடியாது.