பழைய வேதியியல் கட்டுரைகளில் பெயரும் சுருக்கமும்: எங்கே தவறுகிறோம்?

'விட்ரியால் எண்ணெய்' என்று படித்தால் உடனே அகராதியைத் தேடுவோம். அது கந்தக அமிலம் என்று தெரிந்துவிடும். தெரியாத பெயரால் பெரிய ஆபத்து இல்லை. தெரிந்தது போலத் தோன்றும் பெயரும் வாய்பாடும்தான் (ஒரு பொருளில் எந்த அணு எத்தனை என்று காட்டும் குறியீடு) ஆளைக் கவிழ்க்கும்.

வாய்பாட்டை அப்படியே நம்புவதுதான் பெரிய தவறு. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது, அணு எடைகளை ஒழுங்குபடுத்தும் வழியை இத்தாலியரான கன்னிசாரோ எடுத்துச் சொன்னார். அதற்கு முன் பலரும் கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8 (இன்று 12, 16) என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். அதனால் தண்ணீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்று எழுதினார்கள். எத்தனாலில் இன்று கார்பன் இரண்டு, அவர்களுக்கு நான்கு. அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். அவர்கள் கணக்கில் அது சரி.

பாதரசத்தில் இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடுவது. பாதரசத்துக்கு 100 என்று எடை வைத்தவர்கள் 'ஒரு பாதரசம், ஒரு குளோரின்' என்று எழுதினால் அது சித்த மருத்துவத்தில் வீரம் எனப்படும் கொடிய நஞ்சு. 200 என்று வைத்த பிற்காலத்தவர் அதையே எழுதினால் அது பூரம், அதாவது கலோமல். ஆண்டைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றால் அதுவும் போதாது. பிரான்சில் பெர்த்தெலோ போன்ற வேதியியலாளர்கள் 1860க்குப் பிறகும் வெகுகாலம் பழைய முறையை விடவில்லை. சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஆய்வகத்தில் அந்தப் பொருள் என்ன செய்தது என்று பாருங்கள். வெந்நீரில் நன்றாகக் கரைந்ததா, சுண்ணாம்புத் தண்ணீர் பட்டு மஞ்சளானதா? அது வீரம். கரையாமல் கிடந்து, சுண்ணாம்புத் தண்ணீரோ அம்மோனியாவோ பட்டதும் கறுத்ததா? அது கலோமல். பெயர் மாறும், வாய்பாடு மாறும். அந்தக் கறுப்பு மாறாது. உருகுநிலை, நிறம், மணம், தயாரித்த முறை எல்லாமே இப்படிப்பட்ட சாட்சிகள்தான்.

ஸ்கேன் செய்த நூல்களில் இன்னொரு வம்பு. ஆக்சிஜனைக் குறிக்க, தனிமக் குறியீட்டின் தலையில் புள்ளி வைத்தார் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அந்தப் புள்ளியை விட்டுவிட்டால், சுண்ணாம்பு வெறும் கால்சியமாகிவிடும். பக்கத்தின் படத்தையே திறந்து பாருங்கள்.

இன்றைய பொருளைப் பழைய சொல்லின் மேல் ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. 'சுண்ணாம்பின் குளோரைடு' என்றால் கால்சியம் குளோரைடு இல்லை, சலவைத்தூள். இன்றைய ஜெர்மன் மொழியில் 'பென்சின்' என்றால் பெட்ரோல். ஆனால் 1833இல் ஜெர்மன் வேதியியலாளர் மிட்ஷர்லிக் பென்சாயிக் அமிலத்திலிருந்து பெற்ற திரவத்துக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார். அது நம்முடைய பென்சீன்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் சுருக்கெழுத்துகளின் தொல்லை. 1950களின் ஒளிச்சேர்க்கைக் கட்டுரையில் பி.ஜி.ஏ. என்பது பாஸ்போகிளிசரிக் அமிலம். அதே காலத்து இரத்தசோகைக் கட்டுரையில் அது டெரோயில்குளூட்டாமிக் அமிலம், அதாவது போலிக் அமிலம். டி.பி.என். என்று வந்தால், நொதிகளுக்குத் துணைநிற்கும் மூலக்கூறான இன்றைய என்.ஏ.டி. என்று எடுத்துக்கொள்ளலாம். சுருக்கத்தைத் தனியாகத் தேடினால் இன்றைய பொருள்தான் முதலில் வந்து நிற்கும். கூடவே என்ன நொதி, என்ன நோய், என்ன தாவரம் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

அப்புறம், அளவைக் கோட்டைவிடாதீர்கள். பழைய ஆங்கில மருந்துக் குறிப்பில் 'ஜி.ஆர்.' என்றால் கிரெய்ன் என்ற பழைய எடை அளவு, ஏறக்குறைய 65 மில்லிகிராம். அதைக் கிராம் என்று படித்தால் மருந்தின் அளவு 15 மடங்கு கூடிவிடும். 1930கள் முதல் 1950கள் வரையிலான உயிர்வேதியியல் கட்டுரைகளில் எண்ணுக்குப் பின்னால் காமா என்ற கிரேக்க எழுத்து தனியாக நின்றால், அது மைக்ரோகிராம்.