இந்த நியூரான் படத்துக்குப் பதில் சொல்கிறதா? தாளும் பேனாவும் வைத்தே சோதிக்கலாம்

சுண்டெலியின் கண் முன் ஒரு திரை, அதில் நகரும் கறுப்பு வெள்ளைக் கோடுகள். மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியில் செருகிய மின்முனை, ஒரு நியூரானின் (நரம்பணுவின்) ஸ்பைக்குகளை, அதாவது அது எழுப்பும் மின்துடிப்புகளை, பதிவு செய்கிறது. நரம்பியல் ஆய்வாளர்கள் ஹ்யூபெலும் வீசலும் 1950-களின் கடைசியில் பூனைகளில் இதைச் செய்தபோது, ஸ்பைக்குகளை ஒலிபெருக்கியில் காதால் கேட்டே பலதைக் கண்டுகொண்டார்கள். இன்று நியூரோபிக்சல்ஸ் என்ற, பல பதிவுப் புள்ளிகள் கொண்ட ஒரே மின்முனையில் நூற்றுக்கணக்கான நியூரான்கள் வந்து விழுகின்றன. காது போதாது, கணக்கு வேண்டும்.

முதல் படி: நேர ஜன்னலை முடிவு செய்யுங்கள்

கோடுகள் தோன்றுவதற்கு முந்தைய 200 மில்லிவினாடி ஒரு ஜன்னல். விழித்திரையிலிருந்து புறணிக்குச் செய்தி வந்துசேரச் சில பத்து மில்லிவினாடி ஆகும் என்பதால், தோன்றிய பின் 50 முதல் 250 வரை இன்னொரு ஜன்னல். இரண்டும் ஒரே நீளம். தரவைப் பார்ப்பதற்கு முன்பே இதை எழுதி வைத்துவிடுங்கள். வரைபடத்தில் எங்கே மேடு உயரமாக இருக்கிறதோ அங்கே ஜன்னலை வைத்தால், வெறும் இரைச்சல்கூடப் பதில் போலத் தெரியும். இந்தத் துறையில் பொய் முடிவுகள் நுழையும் பெரிய வாசல் இதுதான்.

இரண்டாம் படி: எண்ணுங்கள், கழியுங்கள்

கோடுகளை 8 தடவை காட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜன்னல்களிலும் வந்த ஸ்பைக்குகளின் எண்ணிக்கை கீழே; எளிமைக்காக நாமே எடுத்துக்கொண்ட எண்கள் இவை:

முன்: 2, 3, 1, 2, 4, 0, 3, 1
பின்: 5, 4, 5, 4, 3, 5, 5, 4
வித்தியாசம்: 3, 1, 4, 2, −1, 5, 2, 3

கூட்டினால் 19. அந்தந்தத் தடவைக்குள்ளேயே கழிப்பது முக்கியம். எலி விழிப்பாக இருந்தாலும் சோர்ந்திருந்தாலும் அது இரண்டு ஜன்னலையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் பாதிக்கும்.

மூன்றாம் படி: குறிகளைப் புரட்டுங்கள்

கோடுகளால் எந்த விளைவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் எது ‘முன்’, எது ‘பின்’ என்பதற்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு வித்தியாசமும் கூட்டலாகவோ கழித்தலாகவோ வரச் சம வாய்ப்பு. 8 எண்களுக்கு மொத்தம் 256 குறிச் சேர்க்கைகள்.

அவற்றில் எத்தனை, 19 அல்லது அதற்கு மேல் தரும்? எல்லாம் கூட்டலாக இருந்தால் 21. இரண்டு 1-களில் ஏதாவது ஒன்றை மட்டும் கழித்தலாக்கினால் 19. ஆக மொத்தம் 3. நியூரான் அடங்கிப்போவதும் ஒரு பதில்தான் என்பதால், எதிர்ப்பக்கத்து 3-ஐயும் சேர்க்க வேண்டும். 256-ல் 6, அதாவது 0.023. பி மதிப்பு என்பது இவ்வளவுதான்! கோடுகள் எதுவும் செய்யாதபோதும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரும் வாய்ப்பு. ‘இந்த நியூரான் பதில் சொல்லாமலிருக்க 2.3 சதவீத வாய்ப்பு’ என்று இதைப் படித்துவிடக் கூடாது.

தடவைகள் நிறைய இருந்தால் எல்லாச் சேர்க்கையையும் எண்ண முடியாது. கணினியில் 10,000 முறை தற்செயலாகப் புரட்டினால் போதும். சைபை (SciPy) என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் இருக்கும் வில்காக்சன் சோதனையும் இதே யோசனைதான், எண்களுக்குப் பதில் அவற்றின் தர வரிசையைப் பயன்படுத்தும்.

அப்புறம் ஒன்று: சும்மா இருக்கும்போதே ஸ்பைக் தராத நியூரானில் அடக்கத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இடமேது?

நான்காம் படி: நியூரான்கள் பல என்றால்

எதுவுமே பதில் சொல்லாத 300 நியூரான்களை 0.05 அளவுகோலில் (பி மதிப்பு 0.05-க்கு மேல் போகாவிட்டால் பதில் என்று ஏற்பது) சோதித்தாலும், சராசரியாக 15 ‘பதில் சொல்வதாக’ வரும். இதற்கு பெஞ்சமினி, ஹாக்பெர்க் என்ற புள்ளியியலாளர்கள் 1995-ல் தந்த முறை நல்லது. பி மதிப்புகளைச் சிறியதிலிருந்து அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் அதன் வரிசை எண்ணை 300-ஆல் வகுத்து 0.05-ஆல் பெருக்கிய எல்லையோடு ஒப்பிடுங்கள். எல்லைக்குள் வரும் கடைசி மதிப்பு வரை ஏற்கலாம்.

கோடுகளை எட்டுத் திசைகளில் காட்டி, அதிகம் பதில் வந்த திசையை மட்டும் சோதிப்பதாக இருந்தால், புரட்டும் ஒவ்வொரு முறையும் அதேபோல் எட்டில் பெரியதையே எடுங்கள். இல்லாவிட்டால் தேர்ந்தெடுத்ததன் லாபம் பி மதிப்பில் ஒளிந்துகொள்ளும்.

முடிவை எழுதும்போது எத்தனை எலிகள் என்பதையும், ஒவ்வோர் எலியிலும் எத்தனை நியூரான்கள் தேறின என்பதையும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒரே எலியின் 300 நியூரான்கள், எலிகளைப் பற்றிய கேள்விக்கு ஒரே ஒரு சாட்சிதான்.