சென்னை – சிங்கப்பூர்: பறக்கும் நேரத்தை நீங்களே கணக்கிடலாம்

வான்வழியில் சுமார் 2,900 கி.மீ. விமானம் மணிக்கு 850 கி.மீ. போகிறது என்று வைத்தால் மூன்றரை மணி நேரம் வரும், அதோடு ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் நாலு, நாலேகால் மணி.

டிக்கெட்டில்தான் பலரும் குழம்புகிறார்கள். அதில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம், சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6.00-க்கு இறங்குகிறது என்றால் ஆறே முக்கால் மணி பயணம் என்று பயப்படாதீர்கள், இரண்டரையைக் கழியுங்கள், நாலேகால்தான். திரும்பி வரும்போது கூட்ட வேண்டும். அழைக்க வருபவரிடம் மறக்காமல் அந்த ஊர் நேரத்தையே சொல்லுங்கள்.