பக்கவாதம் வந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி? முதல்முறை கவனிப்பவர்களுக்கு

டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே தேவைப்படுவது அதுதான். வலது கை, கால் விழுந்துபோன அப்பாவை அம்மா பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கட்டில்

உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படுகிற உயரம் வேண்டும். தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். குளிப்பாட்டும்போது குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதியைப் பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. ஓரிடம் மட்டும் கருத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம்.

படி 2: வலது தோள்

தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும். அந்த வலி மாதக்கணக்கில் போகாது. உட்கார்ந்திருக்கும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிறு இழுக்கச் சொல்வது நம் ஊரில் பழக்கம். பலவீனமான தோளுக்கு அது கெடுதல். சட்டை போடும்போது வலது கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

படி 3: கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

நாற்காலி அவருடைய இடது பக்கம், அதாவது நல்ல பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போடுங்கள். அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். உங்கள் முழங்காலால் அவருடைய வலது முழங்காலுக்கு முட்டுக் கொடுங்கள். பிடி இடுப்பில்தான், தடிமனான துண்டை இடுப்பில் இறுகச் சுற்றிக் கட்டினால் பிடிக்க வசதி. அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லி, அவரை நன்றாக முன்னால் குனியச் சொல்லுங்கள். எடை தானாகக் காலுக்கு வரும். அவரே எழுவார், நீங்கள் திருப்பி உட்கார வைத்தால் போதும்.

படி 4: சாப்பாடு

படுக்கவைத்து ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, ஊட்டுபவரும் எதிரே உட்கார வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்குத் தண்ணீர்தான் ஆபத்து, கெட்டியான கஞ்சி எளிது. ரசம் சாதம் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறோம். நீரும் பருக்கையும் தனித்தனியாகப் போவதால் புரை ஏறும். குழைய மசித்த சாதம் தேவலை. சாப்பிடும்போது இருமினாலோ, குரல் தண்ணீர் கலந்த மாதிரி கொழகொழத்தாலோ நிறுத்துங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். உணவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். சாப்பிட்டதும் வலது கன்னத்துக்குள் பருக்கை தங்கியிருக்கிறதா என்று பார்த்து வாய் கழுவுங்கள். அடுத்த அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

படி 5: பேச்சு

வலது பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் பாதிக்கும். காது கேட்கும், கத்த வேண்டாம். "என்ன வேணும்?" என்பதைவிட "காபியா?" என்று தம்ளரைக் காட்டிக் கேட்டுக் காத்திருங்கள். திடீரென்று அழுவார், காரணமில்லாமல் சிரிப்பார். அதுவும் நோயின் வேலைதான். மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதற்கு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள்.

படி 6: மாத்திரை

பிரஷர் சரியாகிவிட்டது என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. சரியானதே மாத்திரையால்தான். பல் பிடுங்கப் போனால்கூட, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மறுபடி வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ நின்றுவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

படி 7: அம்மா

ராத்திரி திருப்பிப் போடுவதை ஒரே ஆள் செய்தால் கொஞ்ச நாளில் அவரும் படுத்துவிடுவார். மகனும் மருமகளும் முறை போட்டுக்கொள்ளுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் சொந்தக்காரர்களிடம், "ரெண்டு மணி நேரம் அப்பா பக்கத்துல இருங்க, அம்மா தூங்கி எழட்டும்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கும் அன்றே அம்மாவுக்கும் பார்த்துவிடுங்கள்.