கிரெடிட் கார்டு மோசடி அழைப்புகள்: ஓடிபி சொல்வதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

"ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்பது இன்று எல்லோருக்கும் மனப்பாடம். வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியிலேயே அது இருக்கிறது, ரிசர்வ் வங்கியின் விளம்பரத்திலும் வருகிறது. ஆனாலும் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், கணக்குவழக்கில் கெட்டிக்காரர்கள் என்று பலரும் கிரெடிட் கார்டில் பணத்தை இழந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த எச்சரிக்கை தெரியாமல் இல்லை. தவறு அதற்குப் பத்து நிமிடம் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. எதிர்முனையில் பேசுபவர் வங்கிக்காரர்தான் என்று மனம் ஒப்புக்கொண்டுவிட்டால், அப்புறம் ஓடிபி சொல்வது அவர் வேலையை முடிக்க உதவுவதாகத்தான் தோன்றும். அதனால் ஓடிபிக்கு முன்னால் நடப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர் என்பதால் நம்புவது

"சார், உங்க கார்டு இந்த நம்பர்ல ஆரம்பிக்குது, சரியா?" என்று கேட்டு, கார்டின் முதல் ஆறு எண்களை அவரே சொல்வார். பெயர், வங்கி, மின்னஞ்சல், சில நேரம் பிறந்த தேதிகூடச் சரியாக இருக்கும். இவ்வளவும் தெரிந்தவர் வெளியாளாக இருக்க முடியாது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

பெரும்பாலான கார்டுகளில் இருப்பது 16 எண்கள். முதல் ஆறு (புதிய முறையில் எட்டு) எந்த வங்கி, எந்த வகைக் கார்டு என்பதைக் குறிப்பவை. அதே வகைக் கார்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அவை ஒன்றுதான். எந்த வங்கிக்கு எந்த எண் என்பதை யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். கடைசி நான்கு எண்கள் கடை ரசீதிலும் வங்கியின் குறுஞ்செய்தியிலும் அச்சாகின்றன. ஆக, பத்து எண்களைச் சரியாகச் சொல்வதற்கு வங்கியில் வேலை பார்க்க வேண்டியதில்லை. "நடுவுல இருக்கிற நம்பரை மட்டும் நீங்க கன்ஃபர்ம் பண்ணுங்க" என்று அவர் கேட்பது, தன்னிடம் இல்லாத ஆறு எண்களுக்காகத்தான்.

பெயரும் கைபேசி எண்ணும் எங்கிருந்து போயின? மால் வாசலில் பரிசுக் கூப்பனுக்காக எழுதிக் கொடுத்த தாள், இணையத்தில் கடன் கிடைக்குமா என்று பார்க்க நிரப்பிய படிவம், எங்கோ கசிந்த வாடிக்கையாளர் பட்டியல் என்று வழி ஏராளம். உங்கள் தகவல் ஒருவரிடம் இருப்பது அவர் யார் என்பதற்குச் சான்று ஆகாது.

திரையில் தெரியும் பெயரும் அப்படித்தான். ட்ரூகாலர் போன்ற செயலிகளில் ஒரு எண்ணுக்கு வங்கியின் பெயரையும் சின்னத்தையும் வைத்துவிட முடியும். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்று 1600-இல் தொடங்கும் எண் வரிசையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசையும் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து "கிரெடிட் கார்டு டிபார்ட்மென்ட்" என்று யாராவது பேசினால் அங்கேயே சந்தேகப்படலாம். அதற்காக, 1600 என்று தெரிந்துவிட்டால் ரகசிய எண்களைச் சொல்லலாம் என்று பொருள் இல்லை. உண்மையான வங்கிக்கும் அவை தேவைப்படுவதில்லை.

நஷ்டத்தைத் தடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுப்பது

இதுதான் இந்த மோசடியின் உயிர்நாடி என்பது என் கருத்து. பேராசைக்காரர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று பலர் பேசுகிறார்கள். கிரெடிட் கார்டு விஷயத்தில் அது பெரும்பாலும் நியாயமற்ற பேச்சு. இங்கே மாட்டிக்கொள்பவர்கள் தங்கள் பணம் போகாமல் காப்பாற்ற முயன்றவர்கள்.

அழைப்பு எப்படி வரும் என்று பாருங்கள். "மேடம், உங்க கார்டுல இன்சூரன்ஸ் பிளான் ஆக்டிவேட் ஆகியிருக்கு. இன்னிக்கு ராத்திரி 2,899 ரூபாய் பிடிச்சிருவாங்க. வேண்டாம்னா இப்பவே கேன்சல் பண்ணித் தரேன்." இல்லையென்றால், "உங்க கார்டுல 49,999 ரூபாய்க்கு வாங்கியிருக்காங்க, நீங்க வாங்கலைன்னா ஒன்றை அழுத்துங்க" என்று பதிவுசெய்த குரல் பேசும். வருடாந்திரக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம், ரிவார்ட் பாயின்ட் இன்றோடு காலாவதி ஆகிறது, லிமிட்டை உயர்த்தித் தருகிறோம் என்பவையும் வழக்கமான கதைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கெடு இருக்கும். யோசிக்கவோ வீட்டில் கேட்கவோ நேரம் விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கெடு.

ஒரு கட்டணத்தை ரத்து செய்ய ஓடிபி தேவையில்லை. பணம் உங்கள் கார்டுக்குத் திரும்பி வரவும் தேவையில்லை. கார்டிலிருந்து பணம் வெளியே போகத்தான் அது வேண்டும். ஓடிபி வரும் குறுஞ்செய்தியை முழுதாகப் படித்தால் எவ்வளவு தொகை, எந்த நிறுவனத்துக்கு என்பது பெரும்பாலும் அதிலேயே இருக்கும். "கேன்சல்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செய்தியில் ஏதோ ஒரு வாலட்டின் (பணத்தைப் போட்டு வைத்துச் செலவழிக்கும் செயலியின்) பெயரும் ஐந்து இலக்கத் தொகையும் வந்திருக்கும். அவசரத்தில் நம் கண் ஆறு எண்களை மட்டும் தேடி எடுத்துவிடுகிறது.

"ஓடிபிதான் சொல்லவில்லையே" என்ற நிம்மதி

கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்தில் உள்ள மூன்று இலக்க சிவிவி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, ஓடிபி கேட்டதும் சுதாரித்துப் போனை வைத்தவர்கள் உண்டு. தப்பித்துவிட்டோம் என்று இருந்துவிடுகிறார்கள். இந்தியாவுக்குள் இணையத்தில் கார்டு எண்ணைக் கொடுத்து வாங்கும்போது பொதுவாக ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கேட்பார்கள். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் அது இல்லை. அந்த மூன்று விவரங்களே போதும். அப்படிச் சொல்லிவிட்டால் ஓடிபி போகவில்லை என்றாலும் கார்டை உடனே பிளாக் செய்து புதிய கார்டு வாங்குவதுதான் வழி.

2020 அக்டோபர் 1 முதல், புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம், கடை இயந்திரம் ஆகியவற்றில் மட்டும் இயங்கும்படிதான் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இணையம், வெளிநாடு, தொட்டால் பணம் போகும் வசதி ஆகியவற்றை நாமே இயக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம் என்றால், கார்டு வந்த அன்றே எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். வங்கிச் செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். இணையத்துக்கு ஒரு சிறிய வரம்பு வையுங்கள். விமான டிக்கெட் வாங்கும் நாளில் உயர்த்திக்கொள்ளலாம். இரண்டு லட்சம் லிமிட் உள்ள கார்டில் இணைய வரம்பு பத்தாயிரம் என்றால், மோசடிக்காரருக்குக் கிடைக்கக்கூடியதும் அதோடு நின்றுவிடும்.

லைனில் இருந்தபடியே சொன்னதைச் செய்வது

ஓடிபியை வாயால் சொல்ல வைப்பது பழைய வழி. இப்போது கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். எனிடெஸ்க் போன்ற, திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலியை நிறுவச் சொல்வது ஒரு வழி. 2019-லேயே ரிசர்வ் வங்கி இதுபற்றி எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) அனுப்பி "இதுதான் பேங்க் ஆப், இன்ஸ்டால் பண்ணுங்க" என்பது இன்னொரு வழி. அதை நிறுவி, குறுஞ்செய்தி பார்க்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், வரும் ஓடிபி நேராக அவர்களுக்குப் போய்விடும்.

நட்சத்திரக் குறியோடு 401 என்று தொடங்கும் ஒரு எண்ணை டயல் செய்யச் சொன்னால், உங்கள் அழைப்புகளை வேறு கைபேசிக்குத் திருப்பிவிடப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் குறுக்குவழியை நிறுத்திவைக்கும்படி 2024 ஏப்ரலில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, கைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே செய்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் ##002# டயல் செய்தால் திருப்பிவிடல் எல்லாம் நீங்கும். அப்புறம், "இன்னொரு கால் வருது, மெர்ஜ் பண்ணுங்க" என்றால் செய்யாதீர்கள். அந்த இரண்டாவது அழைப்பு, ஓடிபியைக் குரலில் வாசிக்கும் வங்கியின் தானியங்கி அழைப்பாக இருக்கலாம்.

உங்கள் பெயரில் மும்பையில் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது, அதில் கறுப்புப் பணம் போயிருக்கிறது என்று ஆரம்பித்து, வீடியோ அழைப்பில் சீருடையோடு மிரட்டுபவர்களும் உண்டு. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று இந்தியச் சட்டத்தில் ஒன்று கிடையாது. போலீசோ சிபிஐயோ வீடியோவில் கைது செய்வதும் இல்லை, பணத்தைச் "சரிபார்க்க" அனுப்பச் சொல்வதும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, பேச்சை நடுவிலேயே நிறுத்துவது. மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். குறிப்பாகப் பெரியவர்கள். வங்கியில் உண்மையாகவே ஏதாவது பிரச்சினை என்றால், நீங்கள் கட் செய்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து அழைத்தாலும் அது அங்கேயே இருக்கும். அழைக்க வேண்டிய எண் கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடாதீர்கள், அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பின்பக்க எண்ணை இன்றே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். பர்ஸோடு கார்டு தொலைந்தாலும் அது உதவும்.

வெளியே சொல்லக் கூசி நேரத்தைக் கடத்துவது

பணம் போன பிறகு செய்யும் தவறுதான் பலருக்கு மிகவும் விலை அதிகமானதாக ஆகிவிடுகிறது. பையன் திட்டுவான், மருமகள் என்ன நினைப்பாள், கணவருக்குத் தெரிந்தால் சண்டை வரும் என்று ஒரு நாள், இரண்டு நாள் மறைத்து வைக்கிறார்கள். அந்த நேரத்தில் பணம் வாலட்டிலிருந்து பரிசு அட்டைக்கும் அங்கிருந்து வேறெங்கோவும் போய்விடும்.

முதல் வேலை, செயலியிலோ பின்பக்க எண்ணிலோ கார்டைப் பிளாக் செய்வது. அடுத்த நிமிடமே 1930. இது மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் மோசடி உதவி எண். காவல் துறையையும் வங்கிகளையும் வாலட் நிறுவனங்களையும் இணைக்கும் ஏற்பாடு இதன் பின்னால் இருப்பதால், பணம் இன்னும் வழியில் இருந்தால் அங்கேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம். வங்கியிடம் புகார் எண்ணையும், சொன்ன நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, மின்னஞ்சலிலும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

நேரத்தைக் குறித்துவைப்பது ஏன் முக்கியம்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த பொறுப்பு விதி நேரத்தின் மீதே நிற்கிறது. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்ற நிலையில், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலைநாளுக்குள் என்றால், ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் லிமிட் இருந்தால் 25,000 ரூபாய். நீங்களே ஓடிபி சொல்லிவிட்டிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம்தான். ஆனால் தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஏமாந்துவிட்டோம், இனி சொல்லி என்ன பயன் என்று உட்கார்ந்துவிடுபவர்களுக்கு இந்தக் கடைசி வரி தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையையும் அந்த விதி வங்கியின் மீதே வைக்கிறது.

மோசடி என்று நீங்கள் மறுத்திருக்கும் தொகைக்கு, அந்தப் புகார் தீரும் வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது என்று கார்டு நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் பயந்துபோய் முழு பில்லையும் கட்டிவிடாதீர்கள். மறுக்கும் தொகை எது என்று எழுத்தில் சொல்லிவிட்டு, நீங்கள் உண்மையாகச் செலவழித்ததைத் தேதிக்குள் கட்டுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தொடர்பு எண் 14448.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவோ அப்பாவோ வந்து சொன்னால், அந்த நிமிடத்தில் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார்.

புகார் கொடுத்துச் சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரக்கூடும். சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஒரு சிறு கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியலும் கைமாறுகிறது. 1930-இல் புகார் செய்யவும், முடக்கிய பணத்தைத் திரும்பப் பெறவும் யாருடைய கணக்குக்கும் பணம் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் புகார் எண்ணை வைத்துக்கொண்டு நீங்களே அந்தத் தளத்திலோ, அருகிலுள்ள காவல் நிலையத்திலோ நிலையைக் கேட்டுக்கொள்ளலாம்.