கூட்டுப் பெட்டியில் குளவி அண்டாமல் இருக்க: பறவைக்கும் உங்களுக்கும் ஆபத்தில்லாத வழி

பறவைகளுக்காக மாட்டிய மரப்பெட்டியைக் குளவி தேடி வருவதில் வியப்பில்லை. மழை படாத கூரை, காற்றை மறைக்கும் சுவர், உள்ளே இருட்டு, ஒரே ஒரு வாசல். கூடு கட்ட இடம் தேடும் குளவிக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருக்கிறது. பறவைக்கு முன்பே அது குடியேறிவிட்டால், பறவை வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வேறிடம் போய்விடும். பறவை முந்திக்கொண்டு கூடு கட்டத் தொடங்கிவிட்டாலோ, குளவி பெரும்பாலும் அங்கே கட்டுவதில்லை. ஆகவே பறவை வந்து சேரும்வரை பெட்டியின் உட்கூரையில் குளவிக்குப் பிடி கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு விஷம் தேவையில்லை. ஒரு சோப்புக் கட்டியும் வாரத்தில் ஐந்து நிமிடமும் தேவை.

எல்லாம் அந்தக் காம்பில்தான்

காகிதக் குளவி மரத்தின் மேற்பரப்பைச் சுரண்டி, அந்த நாரை எச்சிலோடு மென்று கூழாக்குகிறது. முதலில் உட்கூரையில் ஒரு பொட்டுக் கூழை ஒட்டி, அதிலிருந்து மெல்லிய காம்பு ஒன்றைக் கீழ்நோக்கி இழுக்கும். பிறகு காம்பின் நுனியில் அறுகோண அறைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். நாளடைவில் அடை உள்ளங்கை அளவுக்கு விரிந்தாலும் அதைத் தாங்கி நிற்பது அந்தக் காம்புதான். காம்பு ஒட்டவில்லை என்றால் கூடு இல்லை.

இன்னொன்றும் நமக்குச் சாதகம். கூட்டைத் தொடங்குவது பெரும்பாலும் ஒற்றை ராணி. சில சமயம் இரண்டு மூன்று சேர்ந்து தொடங்கும். அது இட்ட முட்டைகள் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வேலைக்காரக் குளவிகளாகப் பறந்து வரப் பல வாரங்கள் ஆகும். அதுவரை கூட்டுக்கு ராணியைத் தவிர வேறு காவல் கிடையாது. அந்த வாரங்களைத் தவறவிட்டவர்களுக்குத்தான் வேலை கடினமாகிறது. குளிர் கடுமையான ஊர்களில் குளிர்காலம் முடிந்ததும் ராணிகள் இடம் தேடத் தொடங்கும். குளிர் இல்லாத ஊர்களில் எந்த மாதத்திலும் புதுக் கூடு முளைக்கலாம்.

தேவையானவை

வாசனை சேர்க்காத கெட்டியான சோப்புக் கட்டி ஒன்று. பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தட்டையான தகடு. வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பா, அதன் வாயை மூடும் அளவுக்கு ஒரு கெட்டி அட்டை. டார்ச், அதன் முகப்பில் சுற்ற ஒளி ஊடுருவும் சிவப்புத் தாள். சிறு கைக்கண்ணாடி, தூரிகை, உப்புத்தாள். ஓட்டைகளை மறைக்க 3 மில்லிமீட்டர் அல்லது அதைவிடச் சிறிய கண்ணுள்ள கம்பி வலை. தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, மூடிய காலணி.

குளவி கொட்டி முன்பு எப்போதாவது உடல் முழுக்கத் தடித்ததோ, மூச்சு முட்டியதோ, மயக்கம் வந்ததோ உண்டு என்றால் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 1: உள்ளே யார் என்று பாருங்கள்

பெட்டியிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நின்று 15 நிமிடம் வாசலைக் கவனியுங்கள். எல்லாக் குளவிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

காகிதக் குளவி ஒல்லியான இடையும் நீண்ட கால்களும் கொண்டது. பறக்கும்போது கால்கள் தொங்கும். அதன் அடை உறையில்லாமல் திறந்திருக்கும், கீழிருந்து பார்த்தால் அறைகள் தெரியும். இந்தக் கட்டுரை முக்கியமாக அதற்குத்தான்.

மண் குளவி தனிக்காட்டு ராஜா. சுவரிலோ மூலையிலோ மண்ணைக் குழைத்துக் குழாய் போலக் கட்டும். கூட்டமாகக் காவல் காக்காது, அரிதாகவே கொட்டும். காய்ந்த மண்ணைத் தகட்டால் பெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

பெட்டியை நிறைத்தபடி காகித உறை போர்த்திய பந்து போன்ற கூடும், தடித்த குளவிகளின் இடைவிடாத போக்குவரத்தும் தெரிந்தால் அது கதண்டு. சில ஊர்களில் கடந்தை என்பார்கள். அதைத் தொடவே கூடாது. ஒன்று ஆபத்தை உணர்ந்தால் மற்றவை திரண்டு வரும். குளவியின் கொடுக்கு தேனீயுடையதைப் போலச் சதையில் மாட்டிக்கொள்வதில்லை என்பதால் ஒரே குளவி பலமுறை கொட்டும். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளரையோ தீயணைப்பு நிலையத்தையோ அழையுங்கள். தேனீக் கூட்டம் என்றால் தேனீ வளர்ப்பவரைக் கூப்பிடுங்கள். அவரால் உயிரோடு எடுத்துச் செல்ல முடியும்.

படி 2: பறவை இருக்கிறதா?

உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்தால் நிதானம் தேவை. பல நாடுகளில் முட்டையிட்ட கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம். தாய்ப்பறவை வெளியே போயிருக்கும் நேரத்தில் கதவைத் திறந்து, கண்ணாடியை உள்ளே சாய்த்து உட்கூரையைப் பாருங்கள். காசளவு அடை மட்டும் இருந்தால், பறவைக் கூட்டைத் தொடாமல் ஒரு நிமிடத்துக்குள் அதை எடுத்துவிடலாம். குஞ்சுகளுக்கு இறகு முழுக்க முளைத்துவிட்டது என்றால் கதவைத் திறக்கவே வேண்டாம். மிரண்டு, பறக்கத் தெரியும் முன்பே வெளியே குதித்துவிடும்.

படி 3: சின்ன அடையை எடுப்பது

அடை காசளவு, குளவி ஒன்றோ இரண்டோ என்றால் மட்டும் இந்தப் படி. அதற்கு மேல் குளவி தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டியில் பறவை இல்லை என்றால் விடியலுக்குச் சற்று முன், குளிர்ச்சி இருக்கும்போது போங்கள். குளிரில் குளவியின் சிறகும் காலும் மந்தமாக இருக்கும். டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு நிறம் குளவியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சம் என்றால் நேரே அதை நோக்கிப் பறந்து வரும். ஏணி மேல் நின்று இதைச் செய்யாதீர்கள். கொட்டியதைவிட, கொட்டுக்குப் பயந்து விழுந்ததில்தான் அடி பலமாகப் படும். பெட்டி உயரத்தில் இருந்தால் வேலையை வேறு ஆளிடம் விடுங்கள்.

பக்கக் கதவை மெல்லத் திறந்து, டப்பாவின் வாயை அடைக்குக் கீழே கொண்டுபோய் உட்கூரையோடு சேர்த்து அழுத்துங்கள். இப்போது அடையும் குளவியும் டப்பாவுக்குள். டப்பாவின் விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே அட்டையைத் தள்ளினால் காம்பு அறுந்து எல்லாம் உள்ளே விழும். அட்டையோடு சேர்த்து மூடியைப் போட்டு இறுக்குங்கள். ராணி தப்பிவிட்டால் அதே நாளில் திரும்பி வந்து அதே இடத்தில் கட்டத் தொடங்கும். “நேற்றுத்தான் தட்டிவிட்டேன், இன்று மறுபடியும் இருக்கிறது” என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். எனவே அடுத்த இரண்டு படிகளையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

படி 4: சுரண்டிச் சுத்தம் செய்தல்

உட்கூரையில் காம்பின் அடிக்கட்டை கறுப்புப் பொட்டாக ஒட்டியிருக்கும். அதைத் தகட்டால் மரத்தோடு மரமாகச் சுரண்டி உப்புத்தாள் போடுங்கள். பெட்டி காலியாக இருந்தால் பழைய பறவைக் கூட்டையும் எடுத்துவிட்டு வெந்நீர் ஊற்றித் தேய்த்து நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த எச்சம் தூசியாகப் பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஈர மரத்தில் சோப்பு படியாது. ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்தாலும் தவறில்லை.

படி 5: சோப்பு தேய்த்தல்

உலர்ந்த சோப்புக் கட்டியை உலர்ந்த உட்கூரையில் அழுத்தி, முதலில் மரவரியின் போக்கிலும் பிறகு குறுக்கிலும் தேயுங்கள். மெழுகு பூசியதுபோல வெளுத்த படலம் தெரிய வேண்டும். அதில் கூழ்ப் பொட்டு ஒட்டாமல் வழுக்கிவிடும்.

தவறு நடப்பது பெரும்பாலும் மூலைகளில்தான். நடுவில் மட்டும் தேய்த்துவிட்டு மூலையை விட்டால் ராணி அந்தக் கையகல இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கட்டி நுழையாத இடத்துக்குச் சோப்பைச் சீவி ஒரு துண்டு எடுத்துத் தேயுங்கள். சுவர்களின் மேல்புறம் 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை தேய்த்தால் போதும். அதற்குக் கீழே, குறிப்பாக வாசலுக்கு அடியிலுள்ள உட்சுவரில், சோப்பு படவே கூடாது. குஞ்சுகள் அந்தச் சுவரைப் பற்றித்தான் வாசலுக்கு ஏறி வரும். வழுக்கினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

திரவச் சோப்பு மரத்துக்குள் ஊறிப்போகும், படலம் நிற்காது. வாசலின் விளிம்பில் எதையும் தடவாதீர்கள், பறவையின் மார்பு அதில்தான் உரசும். பறவை வருமுன் ஒருமுறையும், ஒவ்வொரு முறை சுத்தம் செய்த பிறகும் தேய்த்தால் போதும். மழைநீர் உள்ளே கசிந்திருந்தால் மறுபடி தேயுங்கள்.

படி 6: இடுக்குகள்

வாசலைச் சிறிதாக்கிக் குளவியைத் தடுக்க முடியாது. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் வாசல் தேவை. அதில் எந்தக் குளவியும் தாராளமாக நுழையும். ஆனால் கூரைக்கும் சுவருக்கும் இடையே விட்டுப்போன இடுக்குகளை மெல்லிய மரச்சட்டம் அறைந்து மூடலாம். காற்றுத் துளைகளையும் அடியிலுள்ள வடிகால் துளைகளையும் அடைக்காதீர்கள். அடைத்தால் குஞ்சுகள் வெக்கையில் வாடும், தண்ணீர் தேங்கும். வெளிப்பக்கமிருந்து கம்பி வலை அடியுங்கள். உள்பக்கம் அடித்தால் குஞ்சின் நகம் மாட்டும்.

செய்யக் கூடாதவை

பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். மருந்து மரத்தில் தங்கிவிடும். மூடிய சின்னப் பெட்டிக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் தாய்க்கும், ரோமம்கூட முளைக்காத குஞ்சுக்கும் அது படும். நாப்தலீன் உருண்டையின் ஆவியும் பறவைக்கு நஞ்சு. எண்ணெய், கிரீஸ், வாஸ்லின் போன்றவை இறகில் ஒட்டினால் இறகுகள் பிசுபிசுத்து, குளிரையும் நீரையும் தாங்கும் தன்மையை இழந்துவிடும். நெருப்பு வைப்பது பெட்டியோடு வீட்டையும் சேர்த்துக் கேட்கும். குளவி உள்ளே இருக்கும்போது வாசலைத் துணியால் அடைப்பதும் வீண். வேறு இடுக்கு வழியாகச் சீற்றத்தோடு வெளியே வரும். போலிக் காகிதக் கூடு தொங்கவிட்டால் குளவி வராது என்பதையும் நம்பியிருக்காதீர்கள். காகிதக் குளவிகள் ஒன்றின் கூட்டுக்கருகே இன்னொன்று கட்டுவது சாதாரணம்.

கொட்டிவிட்டால்

அமைதியாக, வேகமாக விலகுங்கள், கையை வீசாதீர்கள். கொட்டிய இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். மூச்சுத் திணறல், உதடு நாக்கு முகம் வீங்குதல், உடல் முழுக்கத் தடிப்பு, தலைசுற்றல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் அப்படியே.

படி 7: வாராவாரம் ஒரு பார்வை

வாரம் ஒரு நாள், காலை குளிர்ச்சியில், கதவைத் திறந்து கண்ணாடியால் உட்கூரையைப் பாருங்கள். உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்தால் இரண்டாம் படியில் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். வெறும் காம்பு மட்டும் இருந்தால் தகட்டால் ஒரு சுரண்டு, மேலே சோப்பு. பத்து நாள் விட்டால் அதே இடத்தில் முட்டை நிறைந்த அறைகள் இருக்கும்.

பறவைகள் பெட்டியைப் பயன்படுத்தாத மாதங்களில் வாசலில் ஒரு தக்கை செருகிவிடலாம். கடுங்குளிர் ஊர்களில் இரவில் ஒதுங்க வரும் பறவைகள் உண்டு. அங்கே அடைக்காமல் விடுவதே நல்லது. தக்கை வைத்தவர்கள் அதை எடுக்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கூடு பெரிதாகிவிட்டது, நடமாட்டமில்லாத மூலையில் இருக்கிறது என்றால் விட்டுவிடுவதும் சரியான முடிவுதான். காகிதக் குளவிகள் தங்கள் புழுக்களுக்காகச் செடியைத் தின்னும் கம்பளிப்புழுக்களை வேட்டையாடிக் கொண்டுவரும். தோட்டத்துக்கு அது உதவி. பறவைக்கு வேறொரு பெட்டியைச் சோப்பு தேய்த்துத் தள்ளி மாட்டுங்கள். குளவிகள் கலைந்து, சில வாரம் எந்த நடமாட்டமும் இல்லை என்று உறுதியான பிறகு பழைய பெட்டியை இறக்கி நான்காம் படியிலிருந்து தொடங்கலாம்.