கிண்டல் எல்லாம் சர்காசம் ஆகிவிடாது

சென்னையில் ஏதாவது ஒரு காலேஜ் கேண்டீனில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், 'சர்காஸ்டிக்கா பேசாதே மச்சி' என்பது நான்கு தடவையாவது காதில் விழும். பாதி நேரம் அங்கே நடப்பது வெறும் கலாய்ப்புதான். நண்பனின் ஹேர்கட்டைப் பார்த்து 'குருவிக்கூடு மாதிரி இருக்கு' என்றால் அது நேரடிக் கிண்டல். முகம் மாறாமல் 'அடடா, எந்தக் கடை? நானும் போகணுமே' என்றால்தான் சர்காசம். வாயில் வருவது புகழ்ச்சி, போய்த் தைப்பது குத்தல்.

நம் வஞ்சப்புகழ்ச்சி இதற்கு நெருங்கிய சொந்தம். அதியமானுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி அணிந்து, நெய் பூசி, காவலோடு அழகாக இருப்பதை வியக்கிறார். எங்கள் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புறநானூறு 95. போரையே பார்க்காத ஆயுதம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா!

சரி, சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை. அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்கு, நாய் போலச் சதையைப் பிய்ப்பது, ஆத்திரத்தில் உதட்டைக் கடிப்பது, ஏளனமாகப் பேசுவது என்றெல்லாம் பொருள். லத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. டாக்டர்கள் சொல்லும் சார்கோமா என்ற புற்றுநோயின் பெயரிலும் இதே சதைதான் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறைச் செய்கிறார்கள்: வலிக்கவில்லை என்றால் அது சர்காசமே இல்லையாம். வேர்ச்சொல்லை அப்படியே இன்றைய பொருளாக எடுக்கக்கூடாது. 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. அதற்காக விருந்துக்குப் போன வீட்டில் 'நல்ல நாற்றம்' என்று சொல்லிப் பாருங்கள்.

ஐரனியோடு, அதாவது நிலைமையே நேர்மாறாக அமைந்துவிடும் முரண்நகையோடு, குழப்புவதும் உண்டு. மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீருக்குப் போன் போடுகிறோம். இது ஐரனி. இங்கே யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. அதே தண்ணீரில் நின்றுகொண்டு 'வீட்டுக்குள்ளேயே ஸ்விம்மிங் பூல், ரொம்ப தேங்க்ஸ்' என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் சர்காசம்.

அப்புறம், 'அவன் ரொம்ப சர்காசம்' என்பதும் தவறு. பேச்சுதான் சர்காசம், ஆள் சர்காஸ்டிக்.

வாட்ஸ்அப்பில் இதை முயற்சி செய்யாமல் இருப்பது நல்லது, அங்கே குரல் போய்ச் சேராது. என் நண்பர் ஒருவர் 'சூப்பர் சார், சண்டேவும் வந்துடறேன்' என்று மேனேஜருக்கு அனுப்பினார். 'தேங்க்ஸ், ஒன்பது மணிக்கு வந்துடுங்க' என்று பதில் வந்தது.